சந்தேகத்தின் பேரில்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். அவளுக்கு அது அத்தோடு நிற்காது. தெருமுனை வரை போய்த் திரும்பி வருவாள். பூட்டைத் திறந்து, அடுப்பின் குமிழை விரலால் தொட்டுப் பார்த்து, பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி தெருமுனை வரை போவாள். மறுபடி திரும்புவாள். கணவன் அவளுக்கு 'டிக்கெட் செக்கர்' என்று பேர் வைத்திருந்தான். முதலில் விளையாட்டாகத்தான் வைத்தான். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்து, கடைசியில் போகாமலே விட்டுவிட்ட நாளில் அந்தப் பேரைச் சொன்னபோது அவன் குரலில் சிரிப்பு இல்லை.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலை பார்த்தாள். நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றுகிற மருந்துகளைக் கலந்து, பைகளில் அடைத்து, வார்டுகளுக்கு அனுப்புகிற கண்ணாடி அறை அவள் பொறுப்பு. இப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட வேலையா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே அவள் நன்றாகவே இருந்தாள். அந்த அறைக்கு முறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பை, ஒரு லேபிள். கலந்த கையோடு ஒட்ட வேண்டும், ஒட்டிய பிறகுதான் அடுத்த பையைத் தொட வேண்டும். முறை இருக்கிற இடத்தில் அவளுடைய பயம் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கும். வீட்டுக்கு வந்தால்தான் எழுந்து குரைக்கும்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் பயம் பாதி குறைந்தது. மீதியைக் குறைத்தது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

நூலகத்து மாடியில், பழைய பத்திரிகைகள் அடுக்கி வைத்திருக்கும் அறையில், பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். சிலை கிடையாது, ஊதுபத்தி கிடையாது. புத்தரை அவர்கள் சாமியாக வைத்துக்கொள்ளவில்லை. மனிதன் ஏன் இப்படி அவஸ்தைப்படுகிறான் என்று உட்கார்ந்து கவனித்துப் பார்த்த ஒரு மனிதராகவே எடுத்துக்கொண்டார்கள். யாராவது போன ஜென்மம், அடுத்த ஜென்மம் என்று ஆரம்பித்தால் கூட்டத்தை ஏற்பாடு செய்கிற கணக்கு வாத்தியார், "முதல்ல இந்த வாரத்தை ஒழுங்கா முடிப்போம்" என்பார். ஐந்து விரதங்களை மட்டும் எல்லாரும் வாய்விட்டுச் சொல்வார்கள்: கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதையில் விழாமை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பார்ப்பார்கள்.

அவளுடைய அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "சாமியே இல்லேன்னா உன் பயத்தை யார்கிட்டடி ஒப்படைப்ப?" என்று கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்ல. அது வரும், உட்காரும், போகும். நான் பார்த்துட்டு இருப்பேன்."

"விருந்தாளி மாதிரியா?"

"விருந்தாளிக்காவது காப்பி போடணும். இதுக்கு அதுவும் வேண்டாம்."

அது உண்மையாகவே வேலை செய்தது. அடுப்பு ஞாபகம் வரும்போது, 'சந்தேகம் வந்திருக்கிறது' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். கால் திரும்பத் துடிக்கும். திரும்ப மாட்டாள். பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் சந்தேகம் தானாக நீர்த்துப்போகும். இரண்டு வருஷத்தில் கணவன் பழைய பேரைச் சொல்வதையே மறந்துவிட்டான்.

வாத்தியாருக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால், ஒரு ஞாயிறு கூட்டத்தை நடத்தும் பொறுப்பு அவளிடம் வந்தது. அன்று காலை அவளுக்கு டியூட்டி. மற்ற நாட்களில் கண்ணாடி அறையில் இரண்டு பேர் இருப்பார்கள், ஞாயிறு ஒருவர்தான். பைகளை முடித்து அனுப்பிவிட்டு, அடுத்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, வேகவேகமாக நடந்து நூலகத்துக்கு வந்தாள். படி ஏறும்போதே மூச்சு வாங்கியது. எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். விரதங்களைச் சொன்னார்கள். கண்ணை மூடினார்கள்.

உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, சந்தேகம் வந்தது.

அன்று கடைசியாகக் கலந்தவை இரண்டு பைகள். ஒன்று, வாந்தியில் உடம்பு வற்றிப்போன ஒரு பெண்ணுக்கு. அதில் பொட்டாசியம் சேர்த்தாள். மற்றொன்று சிறுநீரகம் பழுதான ஒரு பெயிண்டருக்கு. அதில் குளுக்கோஸ் மட்டும். அவருக்குப் பொட்டாசியம் ஆகவே ஆகாது, இதயத்தை நிறுத்திவிடும். இரண்டு பைகளும் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்தான். லேபிளை விட்டால் வித்தியாசம் சொல்ல எதுவும் இல்லை.

'சந்தேகம் வந்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டாள். மூச்சுக்குத் திரும்பினாள்.

அது போகவில்லை. அதோடு, இது வழக்கமான சந்தேகம் மாதிரியும் இல்லை. வழக்கமான சந்தேகம் 'அணைச்சியா, அணைச்சியா' என்று வார்த்தையாகத்தான் வரும்; அதற்குக் கண் கிடையாது. இது படமாக வந்தது. அவளுடைய இடது கையுறை. ஆள்காட்டி விரலில் ஒரு லேபிள், நடு விரலில் ஒரு லேபிள். நேரமாகிவிட்டதென்று இரண்டையும் ஒரே இழுப்பில் கிழித்து விரல்களில் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. எந்த விரலில் இருந்தது எந்தப் பைக்குப் போனது?

ஞாபகம் இல்லை. எவ்வளவு கூர்ந்து பார்த்தும் அந்த இடம் வெறும் இருட்டாக இருந்தது.

எழுந்தால் பழைய ஆளாகிவிடுவோம் என்று ஒரு பயம். உட்கார்ந்திருந்தால் ஒரு மனிதர் செத்துப்போகலாம் என்று இன்னொரு பயம். எதிரே பத்துப் பேர் கண்ணை மூடி, அவள் சொல்லிக்கொடுத்தபடி, வருகிற எண்ணங்களை வந்தபடி விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலாவது அவளைப் பற்றியது. இரண்டாவது அவளைப் பற்றியது இல்லை.

எழுந்தாள். முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "நான் போகணும். நீங்க தொடருங்க" என்று கிசுகிசுத்துவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் படியிறங்கினாள்.

வார்டுக்குப் போன் செய்தாள். பிஸி. மறுபடி பிஸி. நடந்தவள் ஓட ஆரம்பித்தாள். சிக்னலில் ஒரு காரின் முன்னால் கையை நீட்டிக்கொண்டே கடந்தாள், ஓட்டுநர் திட்டியது பின்னாலிருந்து கேட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு குரல், 'டிக்கெட் செக்கர், டிக்கெட் செக்கர்' என்றது.

பெயிண்டரின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. பை தொங்கிக்கொண்டிருந்தது. குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே கால்வாசி காலி.

"சிஸ்டர், அதை நிறுத்துங்க."

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு?"

"லேபிள் மாறியிருக்கலாம். பக்கத்து வார்டுக்கு ஒரு பை போயிருக்கு, அதையும் நிறுத்தணும்."

"மாறியிருக்கா, மாறியிருக்கலாமா?"

"மாறியிருக்கலாம். எனக்குச் சந்தேகமா இருக்கு."

நர்ஸ் அதற்குமேல் கேட்கவில்லை. குழாயின் திருகை அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பைகளும் பரிசோதனைக் கூடத்துக்குப் போயின.

கட்டிலருகே பெயிண்டரின் மனைவி நின்றிருந்தார். துணிக்கடைக்கு ரவிக்கையும் சட்டையும் தைத்துக் கொடுக்கிறவர். வார்டில் எல்லாரும் தையல்காரம்மா என்பார்கள். அங்கேயும் மடியில் ஏதாவது துணியை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். இப்போது ஊசி துணியில் குத்தியபடி நின்றது.

"என்னாச்சு? இவருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா, பையை மாத்தறோம்" என்றார் நர்ஸ்.

தையல்காரம்மா நர்ஸைப் பார்க்கவில்லை. வியர்த்து, தலை கலைந்து, மூச்சிரைக்க நின்ற அவளையே பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள், பொய் சொல்வதில்லை என்று. "நான்தான் மருந்து கலந்தேன். வேற ஒருத்தருக்குப் போக வேண்டியது இவருக்கு வந்திருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். டெஸ்ட் பண்றாங்க. தெரிஞ்சுடும்" என்றாள்.

"வந்திருந்தா?"

"இதயத்துக்கு ஆகாது."

தையல்காரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெயிண்டர் மட்டும் நெஞ்சில் ஒயர்களோடு படுத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றார்.

காத்திருந்தார்கள். திரையில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சைப் பார்க்க முயன்றாள். மூச்சு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

முடிவு வந்தது. பை சரியான பைதான். பெயிண்டருக்குப் பொட்டாசியம் போகவில்லை. பக்கத்து வார்டிலும் சரியாகவே போயிருந்தது. லேபிள் மாறவே இல்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாறலைங்கிறது சந்தோஷம்தான். ஆனா இப்படிச் சந்தேகத்தின் பேர்ல ரெண்டு வார்டைக் கலக்கினா எப்படி? குடும்பத்துக்காரங்ககிட்ட வேற சொல்லியிருக்கீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

அவள் தலையாட்டினாள். தையல்காரம்மாவிடம், "சரியாத்தான் இருந்திருக்கு. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லுமுன் வெளியே வந்துவிட்டாள்.

அன்று மாலை கடைக்குக் கிளம்பும்போது அடுப்புக் குமிழை எத்தனை தடவை தொட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கணவன் வாசலில் சாவியோடு நின்றிருந்தான். அவன் பழைய பேரைச் சொல்லாமல் நின்றதுதான் அவளை உடைத்தது.

நடந்ததையெல்லாம் சொல்லி, "மறுபடி ஆரம்பிச்சிடுச்சுங்க" என்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தானே."

"இல்ல. அங்க எழுந்தேன் பாருங்க, அப்பவே கதவைத் திறந்து விட்டுட்டேன்."

"நீ எழுந்தது தப்புன்னு நினைக்கிறியா?"

"தெரியல. லேபிள் மாறியிருந்தா நான் கெட்டிக்காரி. மாறல, அதனால பைத்தியம்."

"ரெண்டு லேபிளையும் ஒண்ணா கிழிச்சது நிஜம்தானே? அடுப்பை நீ ஒருநாளும் எரிய விட்டதில்ல. இது அப்படி இல்லையே" என்றான் அவன். பிறகு, "இருந்தாலும் வா, பூட்டறேன், கடை மூடிடுவான்" என்றான்.

வித்தியாசம் அவளுக்குப் புரிந்தது. புரிந்தது என்பதற்காகக் குமிழைத் தொடுவது நிற்கவில்லை. மறுநாள் முதல் வேலையாகத் தன் தவறை மருந்தகத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் தலைவர்.

அன்று காலையே மருந்தக ஜன்னலில் யாரோ விரலால் தட்டினார்கள். தையல்காரம்மா.

"இன்னிக்கு அவருக்குப் போட்டது சரியா?"

"சரிதாம்மா. ரெண்டு பேர் பார்த்து அனுப்பினோம்."

"நிச்சயமா?"

அது அவளுடைய வார்த்தை. "ஆமா" என்றாள்.

தையல்காரம்மா போனார். வார்டுக் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். "பேர் படிச்சுப் பார்த்தீங்கல்ல? கட்டில் நம்பர்?"

அதற்கு மறுநாளும் வந்தார். அடுத்த நாளும். ஒவ்வொரு பைக்கும் வந்தார். கையில் பொத்தான் தைக்கும் துணி இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சக ஊழியர், "இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று அலுத்துக்கொண்டார். அவளால் அலுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நடை அவளுக்குத் தெரியும். தெருமுனை வரை போய்த் திரும்புகிற நடை. தன் நோயை எடுத்து இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

வார இறுதியில் வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தார். பெயிண்டருக்குக் காய்ச்சல் கூடிவிட்டது, உள்ளே கிருமி பரவியிருக்கிறது, அன்றே மருந்து ஏற்றியாக வேண்டும். தையல்காரம்மா ஏற்ற விடமாட்டேன் என்கிறார்; குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"டாக்டர் கத்திப் பார்த்துட்டார். நீங்க ஆரம்பிச்சு வச்சது, நீங்களே வந்து முடிச்சுக் குடுங்க" என்றார் நர்ஸ்.

அவள் மேலே போனாள். படிக்கட்டில் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை. பெயிண்டர் முகம் சிவந்து, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவளைக் கண்டதும், "வாங்க மேடம். எனக்கு எதை வேணும்னாலும் ஏத்துங்க. இவ மண்டையிலதான் ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்றார்.

தையல்காரம்மா சிரிக்கவில்லை. "இதுல என்ன இருக்கு?"

"கிருமியைக் கொல்ற மருந்து. நான் கலந்தேன், இன்னொருத்தர் பக்கத்துல நின்னு பார்த்தார். ஒரே பைதான் மேஜையில இருந்துச்சு."

"நிச்சயமா சரியா இருக்குமா? சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்வது சுலபம். அதைக் கேட்டுத்தான் அந்தம்மா நின்றிருந்தார். செய்தால் குழாயை விட்டுவிடுவார். அடுத்த பைக்கு இன்னொரு சத்தியம் கேட்பார். அதற்கடுத்ததற்கு இன்னொன்று. அந்தப் பாதை எங்கே போகும் என்று அவளுக்கு அடி அடியாகத் தெரியும்.

"நூத்துக்கு நூறுன்னு எதையும் என்னால சொல்ல முடியாதும்மா. எங்களால எவ்வளவு கவனமா இருக்க முடியுமோ அவ்வளவு இருந்திருக்கோம். அவ்வளவுதான் இருக்கு. ஆனா ஏத்தலேன்னா என்ன ஆகும்னு தெரியும். அதுல சந்தேகமே இல்ல."

தையல்காரம்மா குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அன்னிக்கு நீங்க ஓடி வராம இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நிம்மதியா இருந்திருப்பேன்."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"பொய் சொல்றதில்லைன்னு வச்சிருக்கேன்."

"அது உங்க நிம்மதிக்கு. என் நிம்மதி?"

நூலகத்து மாடியில் இத்தனை நாள் அந்த ஐந்தையும் சொல்லியிருக்கிறாள். ஒருநாளும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

"சொன்னது தப்பில்லைன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்" என்றாள் மெதுவாக. "சொல்லிட்டு உங்களை அப்படியே விட்டுட்டு ஓடிப் போயிட்டேன். உட்கார்ந்து பேசியிருக்கணும். நீங்க ஜன்னல்ல வந்து நின்னப்பவாவது வெளிய வந்திருக்கணும். அதுதான் தப்பு."

பெயிண்டரின் பற்கள் குளிரில் அடித்துக்கொள்வது கேட்டது.

"இது முடியற வரைக்கும் நான் இங்க இருக்கேன்" என்றாள் அவள். "ஏதாவது ஆனா ஓட மாட்டேன்."

தையல்காரம்மா கணவனைப் பார்த்தார். கை குழாயிலிருந்து நழுவியது. முழுசாக விடவில்லை, இரண்டு விரலால் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் திருகைத் திறந்தார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சொட்டு விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு சொட்டையும் தையல்காரம்மா எண்ணுகிறார் என்பது உதட்டசைவில் தெரிந்தது. அவளுக்கும் எண்ணத் தோன்றியது. லேபிளை இன்னொரு தடவை படிக்கத் தோன்றியது. பார்வை தானாக மேலே போனது. ஒருமுறை படித்தாள். மறுபடி படிக்கக் கண் துடித்தபோது தரையைப் பார்த்தாள்.

"நீங்க சாமி கும்பிடறீங்களா?" தையல்காரம்மா திடீரென்று கேட்டார்.

"இல்ல."

"எப்படித்தான் இருக்கீங்களோ. நான் இத்தனை நாளா கும்பிட்டுட்டே இருக்கேன், அப்பவும் கை நடுங்குது."

"எனக்கும் நடுங்குது. பாருங்க" என்று கையை நீட்டினாள்.

தையல்காரம்மா அந்தக் கையைப் பார்த்தார். உண்மையாகவே நடுங்கியது. மருந்து கலக்கிற கை இப்படி நடுங்கினால் பயந்திருக்க வேண்டும். ஆனால் அந்தம்மாவின் முகத்தில் முதல்முறையாக ஏதோ தளர்ந்தது. "அங்க நடுங்குமா?"

"அங்க நடுங்காது. இங்க உங்களைப் பார்த்துத்தான்."

"என்னைப் பார்த்தா அவ்வளவு பயமா இருக்கு?" என்றார் தையல்காரம்மா. சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு அழுதார். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அவள் ஸ்டூலைக் கொஞ்சம் அருகில் நகர்த்திக்கொண்டாள். இருவர் முழங்கால்களும் தொட்டுக்கொண்டன.

பை காலியாகும்போது பெயிண்டர் தூங்கியிருந்தார். காய்ச்சல் உடனே இறங்கவில்லை. இரண்டு நாள் ஏறி இறங்கிப் பயமுறுத்தியது. அந்த இரண்டு நாளும் வேலை முடிந்ததும் அவள் வார்டுக்குப் போனாள். ஒருமுறை பை முடிகிற வரை இருந்தாள், ஒருமுறை பாதிவரை. மூன்றாவது நாள் தையல்காரம்மாவே, "நீங்க போங்க, வீட்ல தேடுவாங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார். மடியில் ஒரு சட்டை இருந்தது. பொத்தான்களைத் தவறான பக்கத்தில் தைத்துவிட்டதாகச் சொல்லி, பிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. கண்ணில் பச்சைக் கண்ணாடியோடு வாத்தியார் வந்திருந்தார். லேபிள் மாறவில்லை என்று தெரிந்ததும் பேக்கரிக்காரர், "அப்போ எண்ணத்தை வந்தபடி விட்டிருக்கலாம், உட்கார்ந்தே இருந்திருக்கலாம், இல்லையா?" என்று கேட்டார். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"தெரியாதப்போ எப்படி உட்கார்ந்திருக்கறது?" என்றாள் அவள். "நான் லேபிளைக் கிழிச்ச விதம் தப்பு. அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. என் மனசு எனக்கு என்ன சொல்லுதுங்கறது அதுக்கப்புறம்தான்."

வாத்தியார் தலையாட்டினார். கண்ணில் மருந்து விட நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தெருமுனையிலிருந்து திரும்புவது நின்று பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. சில நாட்களில் கணவனே, "அணைச்சிட்டேன், நான் பார்த்தேன்" என்று முந்திக்கொண்டு சொல்வான்; அப்படிச் சொல்லாதீங்க, பழக்கமாயிடும் என்று அவள் தடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு இரண்டாவது ஆள் கிடைக்க இன்னும் நாளானது. கிடைத்தார்.

பெயிண்டர் வீட்டுக்குப் போனார். வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு வந்து போகிறார். ஏணி ஏற முடிவதில்லை. கீழே நின்று மற்றவர்களுக்கு வண்ணம் கலந்து கொடுக்கிறார். அளவு தப்பினால் சுவர்தானே, யாரும் சாக மாட்டார்கள் என்று அவளிடம் ஜன்னலில் வந்து சொன்னார்.

ஒரு ஞாயிறு தையல்காரம்மா நூலகத்து மாடிக்கு வந்தார். சாமி படம் எங்கே என்று தேடினார். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்த மாதிரி தெரிந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தார். சீக்கிரமே ஒரு காலை நீட்டினார், பிறகு இன்னொன்றை. முடிந்ததும், "வெறுமனே உட்கார்றதுக்கு இவ்வளவு கஷ்டமா? நான் மெஷின்லயே உட்கார்ந்துக்கறேன்" என்றார். படியிறங்கும்போது முழங்கால் வலித்ததால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதன் பிறகு வரவில்லை. ஆனால் கூட்டத்தில் உட்காருகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொள்ள, வெட்டுத்துணியில் பஞ்சடைத்துச் சின்னச் சின்ன மெத்தைகள் தைத்துப் பெயிண்டரிடம் கொடுத்தனுப்பினார்.